கேம்பர் வேனுக்கு ஜிபிஎஸ் டிராக்கர்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டிராவலரையோ சின்ன லோடு வேனையோ வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சோலார் எல்லாம் வைத்து கேம்பர் வேனாக மாற்றுகிறவர்கள் மதுரையைச் சுற்றி இப்போது பெருகிவிட்டார்கள். வண்டிக்குப் போட்ட பணத்துக்குச் சமமாக உள்வேலைக்கும் செலவாகிறது. அதைப் பாதுகாக்க டிராக்கர் மாட்டும்போது எழுகிற சந்தேகங்கள், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே இருக்கின்றன. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். டிராக்கரைத் திருடன் கண்டுபிடித்துப் பிடுங்கியதால் வண்டி கைவிட்டுப் போவதைவிட, சிம் ரீசார்ஜ் தீர்ந்தது, பேட்டரி செத்தது, தகரத்துக்கு அடியில் வைத்தது என்று நம் பக்கத்துத் தவறால் போவதே அதிகம்.

அண்ணே, ஜிபிஎஸ் மாட்டிட்டா வண்டி திருடு போகாதுல்ல?

போகும். டிராக்கர் என்பது பூட்டு அல்ல. வண்டி நகர்ந்தது உங்களுக்குச் சீக்கிரம் தெரியும், எங்கே போகிறது என்பது தெரியும், அவ்வளவுதான். இரவு 2 மணிக்குக் கிளம்பிய வண்டி, விடியும்போது குமுளி தாண்டிக் கேரளாவுக்குள் இருக்கலாம். 2.05-க்கே தெரிந்துவிட்டால் திருமங்கலமோ உசிலம்பட்டியோ தாண்டுவதற்குள் போலீஸுக்குச் சொல்ல முடியும்.

அதனால் முதல் செலவு பூட்டுக்கு. ஸ்டியரிங் லாக், கியர் லாக் இரண்டில் ஒன்றாவது கட்டாயம். நீண்ட நாள் நிறுத்தினால் வீல் லாக். பேட்டரியில் மறைவாக ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைப்பது மலிவான, நல்ல ஏற்பாடு. இவை திருடனைப் பத்து நிமிடம் தாமதப்படுத்தும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் டிராக்கருக்கு வேலை.

ஜிபிஎஸ்னா சாட்டிலைட் தானே? அப்புறம் எதுக்கு சிம் கார்டு?

செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டு நேரத்தையும் தங்கள் இடத்தையும் ஒலிபரப்புகின்றன. டிராக்கர் அதைக் கேட்கத்தான் செய்கிறது, திருப்பி எதுவும் அனுப்புவதில்லை. கேட்டதை வைத்துத் தன் இடத்தைக் கணக்கிட்டு, செல்போன் டவர் வழியாக சர்வருக்கு அனுப்புகிறது. அதற்குத்தான் சிம். செயற்கைக்கோள் சிக்னல், டவர் சிக்னல் இரண்டில் எது இல்லாவிட்டாலும் உங்கள் போனில் வண்டி நின்றுபோகும்.

வாங்கும்போது 4ஜி டிராக்கரா, 2ஜி டிராக்கரா என்று கேளுங்கள். மலிவாகக் கிடைப்பவற்றில் பல வெறும் 2ஜி. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது, அந்தக் கருவியில் ஜியோ சிம் போட்டால் உயிரே வராது. 4ஜியில் ஓடி, தேவைப்பட்டால் 2ஜிக்கு இறங்கும் கருவிதான் இன்றைக்கு வாங்கத் தக்கது. டேட்டா மிகக் குறைவு: 10 விநாடிக்கு ஒரு முறை அனுப்பினாலும் மாதம் 50 எம்பி அளவில் முடிந்துவிடும். கடைக்காரர் 13 இலக்க எம்2எம் சிம் (கருவிகளுக்கென்றே தரும் சிம்) போட்டுத் தந்தால் அது யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதி வரை ஓடும் என்று எழுதி வாங்குங்கள். அவர் கடையை மூடினால் உங்கள் சிம்மும் மூடிவிடும்.

ஆன்லைன்ல ஆயிரம் வகை காட்டுது. எதை வாங்குறது?

நான்கே வகைதான். ஒன்று, வண்டி பேட்டரியில் வயர் இழுக்கும் கருவி. இரண்டு, ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் கோளாறு பார்க்கும் கருவியை மாட்டும் இடம்) சொருகுவது. மூன்று, உள்ளேயே பெரிய பேட்டரி வைத்த காந்தக் கருவி. நான்கு, ஏர்டேக் போன்ற ப்ளூடூத் டேக். ஓபிடி வகை மாட்ட எளிது, ஸ்டியரிங்குக்கு அடியில் கைவிட்டுப் பிடுங்குவது அதைவிட எளிது. கேம்பர் வேனுக்கு அது வேண்டாம்.

எங்கள் பரிந்துரை இரண்டு கருவி. வயர் வகை ஒன்று பிரதானமாக. அதற்குத் துணையாக 10,000 மில்லிஆம்பியர்-மணி அளவு பேட்டரி உள்ள காந்தக் கருவி ஒன்று, ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் விழித்து இடத்தைச் சொல்லும்படி அமைத்தது. மீதி நேரம் உறங்குவதால் சிக்னல் தேடும் மீட்டரிலும் அது மாட்டாது. திருடன் முதல் கருவியைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருப்பான், மறுநாள் இரண்டாவது பேசும். இரண்டிலும் வெவ்வேறு நிறுவன சிம் போடுங்கள்.

பெர்மிட் வண்டின்னு கவர்மென்ட் டிராக்கர் ஏற்கெனவே இருக்கு. அது போதாதா?

நீங்கள் சொல்வது ஏஐஎஸ் 140 கருவி. பயணிகளை ஏற்றும் பெர்மிட் வண்டிகளுக்கு அவசரப் பொத்தானோடு சேர்த்து விதித்தது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புது வண்டிகளுக்கு இந்த விதி வந்தது. நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்களையும் அது கேட்கும், வயரைத் துண்டித்தாலும் உள் பேட்டரியில் 4 மணி நேரம் ஓடும்படி செய்யப்பட்டது. தரமான கருவிதான். சொந்த உபயோகத்துக்குப் பதிவான, பெர்மிட் தேவைப்படாத வண்டிக்கு இது கட்டாயமில்லை.

சிக்கல் என்னவென்றால், அது எந்த இடத்தில் இருக்கும் என்று வண்டி வேலை தெரிந்த எவனுக்கும் தெரியும். எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) அது வேண்டும், ஆகவே கழற்ற வேண்டாம். அதை வெளியே தெரியும் கருவியாக விட்டுவிட்டு, ஒளித்து வைக்கும் கருவியைத் தனியாக மாட்டுங்கள்.

எங்க ஒளிச்சு வைக்கிறது? தகரத்துக்குள்ள வச்சா சிக்னல் வருமா?

கேம்பர் வேனில் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். செயற்கைக்கோள் சிக்னல் பிளாஸ்டிக், ஃபைபர், ரெக்சின், பிளைவுட், கண்ணாடி வழியாக வரும். இரும்பு, அலுமினியம் வழியாக வராது. மதுரை வெயிலுக்குப் பயந்து எல்லோரும் சுவரிலும் கூரையிலும் வெள்ளி நிற ஃபாயில் இன்சுலேஷன் ஒட்டுகிறார்கள். அந்த ஃபாயிலும் அலுமினியம்தான். பிளைவுட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டோம், மரம்தானே என்று நினைப்பார்கள். கருவி இருப்பதோ ஃபாயிலுக்கும் தகரத்துக்கும் நடுவில், மூடி போட்ட தூக்குவாளிக்குள் வைத்த மாதிரி.

பொருத்தமான இடங்கள்: டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில், ஃபைபரில் செய்த பின்பக்க பம்பருக்குள் (ஐபி67 நீர்ப்பாதுகாப்பு உள்ள கருவி என்றால் மட்டும்), கூரை வெண்டின் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டி, பின்பக்கக் கண்ணாடி ஓரத்துப் பலகைக்குள். கருவியில் ‘மேல்பக்கம்’ என்று குறித்திருக்கும் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். பலகையை அடித்து மூடுவதற்கு முன் திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி, கருவியை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். ஓரிரு நிமிடத்தில் இடம் பிடித்துவிட வேண்டும். 5 நிமிடம் ஆகியும் பிடிக்கவில்லையென்றால் அந்த இடம் ஆகாது.

சூட்டையும் கணக்கில் வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய வேனின் டேஷ்போர்டு மேல்பரப்பு 70 டிகிரியைத் தொடும். கருவிக்குள் இருக்கும் லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. அந்தச் சூட்டில் கிடந்தால் செல் உப்பி, கருவியின் மூடி பிளந்து நிற்கும். கண்ணாடிக்கு நேர் கீழே, கூரைத் தகரத்தை ஒட்டி, என்ஜின் பெட்டிக்குள் மூன்றையும் தவிருங்கள்.

வண்டி மாசக்கணக்குல ஷெட்ல நிக்கும். டிராக்கர் பேட்டரிய உறிஞ்சிடாதா?

கணக்குப் போட்டுவிடலாம். உறங்காமல் ஓடும் கருவி சராசரி 40 மில்லிஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்கு சுமார் 1 ஏஎச் (ஆம்பியர்-மணி), மாதம் 30 ஏஎச். 80 ஏஎச் ஸ்டார்ட்டர் பேட்டரி ஒன்றரை மாதத்தில் செல்ஃப் எடுக்காது. அதே கருவியை, வண்டி நின்றால் உறங்கு, அசைந்தால் விழி என்று அமைத்தால் 5 மில்லிஆம்பியரில் நிற்கும், மாதம் 4 ஏஎச்கூட வராது. இந்த அமைப்பு ஆப்பிலேயே இருக்கும்.

கேம்பர் வேனில் இன்னொரு வசதி உண்டு. சோலாரில் சார்ஜ் ஆகி, வேனுக்குள் விளக்கு, ஃபிரிட்ஜை ஓட்டும் ‘வீட்டு’ பேட்டரியில் டிராக்கரை இணைத்துவிட்டால் ஸ்டார்ட்டர் பேட்டரிக்குத் தொல்லையே இல்லை. ஆனால் மூடிய ஷெட்டில் சோலாருக்கு வெயில் கிடையாது என்பதை மறக்கக் கூடாது. எந்த பேட்டரியானாலும் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் இல்லாத மெல்லிய வயர் எங்காவது உரசித் தகரத்தைத் தொட்டால், பிளைவுட்டும் மெத்தையுமாக இருக்கும் வண்டி பற்றி எரியும்.

போன்ல இருந்தே என்ஜின ஆஃப் பண்ணிரலாம்னு கடைக்காரர் சொல்றாரே?

செய்யலாம். ஆனால் எந்த வயரை வெட்டுகிறார் என்பதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். வழக்கமாக டீசல் பம்புக்குப் போகும் வயரை வெட்டி நடுவில் ரிலே (டிராக்கரின் கட்டளையில் இணைப்பைத் துண்டிக்கும் மின் சுவிட்ச்) வைப்பார்கள். ஓடும் வண்டியில் டீசல் நின்றால் பவர் ஸ்டியரிங் கல்லாகும், பிரேக் பூஸ்டரில் மிஞ்சிய வேக்குவம் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வளைவில் யாரோ தவறுதலாக பட்டனைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். திருடன் ஓட்டினாலும் எதிரே வருவது ஒரு குடும்பமாக இருக்கலாம். பல கருவிகள் வேகம் 20 கி.மீ.க்குக் கீழே வந்தால்தான் கட்டளையை நிறைவேற்றும், சில கருவிகள் அதைப் பார்ப்பதில்லை.

நாங்கள் சொல்வது ஸ்டார்ட்டர் கட். சாவியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் சிக்னல் வயரில் ரிலே வைத்தால், ஓடும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே ஆஃப் செய்கிறானோ அங்கேயே படுத்துவிடும், மறுபடி எழாது. அதற்குள் போலீஸ் வர இடமும் தெரியும்.

ரிலே வேலை இப்படி: 12 வோல்ட், 40 ஆம்பியர், 5 பின் ரிலே. வெட்டிய வயரின் இரு முனையும் 30, 87ஏ பின்களில். 86-இல் ஃபியூஸ் வழியாக பிளஸ், 85-இல் டிராக்கரின் ரிலே வயர். காயிலின் குறுக்கே ஒரு டையோடு, கோடு போட்ட முனை 86 பக்கம். அது இல்லாவிட்டால் ரிலே விடும்போது எழும் உயர் வோல்டேஜ் டிராக்கரைக் கொல்லும். 87ஏக்குப் பதில் 87-இல் மாட்டும் மெக்கானிக்கும் உண்டு. அப்படிச் செய்தால் டிராக்கர் செத்த அன்றைக்கு வண்டியும் ஸ்டார்ட் ஆகாது, மேகமலையில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். வேலை முடிந்ததும் டிராக்கர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள், ஸ்டார்ட் ஆக வேண்டும். ரிலேயின் பின்கள் கீழே பார்த்தபடி இருந்தால் தண்ணீர் இறங்காது.

வாசல்ல நிக்கிற வண்டி ராத்திரி நகர்ற மாதிரி காட்டுது. பேயா?

சிக்னல் எதிரொலி. மாசி வீதிகளைப் போல இருபுறமும் மாடிகள் நெருங்கிய தெருவில் சிக்னல் சுவரில் பட்டுச் சுற்றி வருகிறது, கருவி தன் இடத்தை 30, 50 மீட்டர் தள்ளிக் கணக்கிடுகிறது. ஆப்பில் எல்லை வட்டத்தை (வண்டி தாண்டினால் அலாரம் அடிக்கும் தூரம்) 50 மீட்டருக்கு வைத்தவர்களுக்கு இரவெல்லாம் அலாரம் அடிக்கும். நான்காவது நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள், அதுதான் பெரிய ஆபத்து. வட்டத்தை 200 மீட்டர் ஆக்குங்கள். அதோடு இக்னிஷன் ஆன், அதிர்வு, பவர் கட் மூன்று அலர்ட்டையும் போடுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போனாலும் அதிர்வு காட்டிக்கொடுக்கும்.

எனக்கு அலர்ட்டே வர்றதில்ல, ஆப்பத் திறந்தாத்தான் தெரியுது.

குற்றம் பெரும்பாலும் போனில். நிறைய ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரி மிச்சம் பிடிக்க, திறக்காத ஆப்பை உறங்கவைத்துவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கி, ‘டூ நாட் டிஸ்டர்ப்’ நேரத்திலும் ஒலிக்க அனுமதி கொடுங்கள். கருவியில் போன்கால் அலர்ட் வசதி இருந்தால் அதையே நம்புங்கள். தூக்கத்தில் டிங் என்ற சத்தம் எழுப்பாது, ரிங் எழுப்பும். வீட்டில் இன்னொருவர் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

கொடைக்கானல், வருசநாடு பக்கம் டவரே இல்லையே. அங்க போனா?

கருவி தன் நினைவகத்தில் இடங்களைச் சேமித்து வைத்து, டவர் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். அந்த நேரத்தில் வண்டி எங்கே என்று தெரியாது, போன தடம் பின்னால் தெரியும். ஆகவே மலையில் தங்கும்போது முதல் கேள்வியில் சொன்ன பூட்டுகளைத்தான் நம்ப வேண்டும்.

டவர் தேவைப்படாத செயற்கைக்கோள் டிராக்கரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அனுமதியின்றி செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். வண்டியைப் பாதுகாக்கப் போய் வழக்கில் மாட்டாதீர்கள்.

ஏர்டேக் ஒண்ணப் போட்டு வச்சா முடிஞ்சது தானே? மாசச் செலவும் இல்ல.

அதில் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் போகும் ஆப்பிள் போன்களின் துணையால் இடம் சொல்கிறது. அண்ணா நகரில் வேலை செய்யும், சிறுமலை அடிவாரத்தில் மணிக்கணக்கில் ஊமையாகும். மேலும் அறியாத டேக் கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகும். ஆட்களை ரகசியமாகப் பின்தொடர்வதைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது, 2024 மே மாதம் முதல் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் பொதுவாக்கப்பட்டது. வண்டிக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர் போன்ற சாமான்களில் ஒளித்து வைக்க ஏர்டேக் நன்று.

திருடன் ஜாமர் வச்சிருந்தா?

சிக்னலை முடக்கும் ஜாமரை விற்பதும் வைத்திருப்பதும் அரசு அனுமதி இல்லாமல் சட்டவிரோதம். தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் இதைத் தெளிவாக அறிவித்தது. ஆனாலும் திருடன் வைத்திருக்கலாம். ஜாமர் ஓடும்போது கருவி ஊமையாகிறது, ஆகவே ‘ஆஃப்லைன்’ ஆனால் சர்வரே உங்களை அழைக்கும்படி அமைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முறை விழிக்கும் இரண்டாவது கருவி இங்கேதான் கைகொடுக்கும். ஜாமரை நாள் முழுக்க எவனும் ஓட்டிக்கொண்டிருக்க மாட்டான்.

டிராக்கரையே ஒருத்தன் ஹேக் பண்ணிட்டா?

அதற்கு ஹேக்கரே தேவையில்லை. பல கருவிகள் 123456 என்ற பாஸ்வேர்டோடு வருகின்றன, மாட்டுகிறவர்கள் மாற்றுவதில்லை. 2022 ஜூலையில் மைகோடஸ் எம்வி720 என்ற கருவியில், வெளியாள் வண்டியின் இடத்தைப் பார்க்கவும் டீசலை நிறுத்தவும் முடிகிற ஓட்டைகள் அம்பலமாயின. ஆப் பாஸ்வேர்டு, எஸ்எம்எஸ் கட்டளைப் பாஸ்வேர்டு இரண்டும் வேறு வேறு, இரண்டையும் மாற்றுங்கள். மாட்டிய கடையில் உங்கள் லாகின் இருந்தால் அவர்கள் போன பிறகு மாற்றுங்கள்.

கையோடு நேரத்தையும் பாருங்கள். சீனக் கருவிகள் சில, அந்நாட்டு நேரத்தில் வரும். நம் நேரத்தைவிட இரண்டரை மணி கூடுதல். கருவியின் நேர மண்டலத்தை இந்திய நேரமான +5.30 என்று திருத்தாவிட்டால், பின்னால் போலீஸிடம் காட்டும் தடத்தில் நேரமெல்லாம் முரண்படும்.

வண்டி போயிருச்சு, மேப்ல ஓடிட்டிருக்கு. நாங்களே விரட்டிப் பிடிக்கலாமா?

கூடாது. வண்டிக்குள் எத்தனை பேர், கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. முதலில் வீட்டில் யாராவது எடுத்துப் போனார்களா என்று ஒரே ஒரு போன். பிறகு 112. பதிவெண், நிறம், அடையாளம், இப்போது இருக்கும் இடம், போகும் திசை: இந்த ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். “மேலூர் தாண்டி திருச்சி ரோட்டில், கூரையில் சோலார் இருக்கும் வெள்ளை வேன்” என்பது போல. போலீஸுக்கு லாகின் தராமல் நேரடி இடம் பார்க்கும் லிங்க்கை அனுப்புங்கள். கட்-ஆஃப் கட்டளையை அவர்கள் சொன்ன பிறகு கொடுங்கள்.

எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆர்சி நகல், சேஸிஸ் எண், என்ஜின் எண், டிராக்கரின் ஐஎம்இஐ எண் நான்கும் வண்டியில் இல்லாமல் உங்கள் போனில் இருக்க வேண்டும். பாஸ்டேக் குறுஞ்செய்தியும் துப்புதான். கப்பலூரிலோ சிட்டம்பட்டியிலோ கொடை ரோட்டிலோ பணம் கழிந்தால் எந்தப் பக்கம் போனான் என்று தெரிந்துவிடும். பாஸ்டேக்கில் பதிவான போன் எண் பழைய உரிமையாளருடையதாக இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்; திருட்டு நடந்ததும் அவசரப்பட்டு டேக்கை முடக்கவும் வேண்டாம்.

டிராக்கர் போட்டா இன்சூரன்ஸ் குறையுமா? திருட்டுப் போனா உள்வேலைக்கும் பணம் வருமா?

குறைவது சொற்பம். ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு, வண்டிச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் என்பது பழைய டாரிஃப் கணக்கு. கடையில் வாங்கிய எல்லா டிராக்கருக்கும் அது கிடையாது.

உள்வேலைதான் பெரிய பணம். மாற்றத்தை ஆர்சியில் ஏற்றி, சோலார், ஃபிரிட்ஜ், பேட்டரி எல்லாவற்றையும் பில்லோடு பாலிசியில் சேர்க்காவிட்டால் வெறும் வேனுக்குத்தான் மதிப்புப் போடுவார்கள். கிளெய்முக்கு இரண்டு சாவியும் கேட்பார்கள். திருட்டுத் தெரிந்ததும் எஃப்ஐஆரும் நிறுவனத்துக்குத் தகவலும் ஒரே நாளில் முடிந்துவிட வேண்டும்.

டிரைவருக்குத் தெரியாம வைக்கலாமா?

கருவி இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், எங்கே என்று சொல்ல வேண்டாம். வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் இதே முறைதான், ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்.

எல்லாம் சரியா ஓடுதான்னு எப்பிடித் தெரிஞ்சுக்கிறது?

மாதம் ஒரு நாள், சம்பளத் தேதி மாதிரி ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். டிராக்கர் ஃபியூஸைப் பிடுங்குங்கள், பவர் கட் அலர்ட் ஒரு நிமிடத்தில் வர வேண்டும். அரை மணி நேரம் அப்படியே விடுங்கள், உள் பேட்டரியில் கருவி பேசிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வருடம் ஆன கருவியில் அந்த செல் பெரும்பாலும் போயிருக்கும். ஃபியூஸைப் போட்டுவிட்டு சிம் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

வண்டிய விக்கப் போறேன். டிராக்கரக் கழட்டிறவா?

வாங்குகிறவர் கேட்டால் கொடுங்கள், ஆனால் ஆப்பில் உங்கள் கணக்கிலிருந்து நீக்கி, சிம்மை எடுத்துவிட்டு. கழற்றுவதானால் கருவியோடு ரிலேயையும் கழற்றி, வெட்டிய ஸ்டார்ட்டர் வயரின் இரு முனைகளையும் கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். ரிலே பேஸை மட்டும் தொங்கவிட்டால், பின்கள் துருப்பிடித்து இரண்டு மழைக்காலத்தில் செல்ஃப் எடுக்காமல் போகும். வாங்கியவரின் மெக்கானிக் காரணம் தெரியாமல் செல்ஃப் மோட்டாரையே மாற்றிக்கொண்டிருப்பார்.